மணல்மேடுகள் எப்படி உருவாகின்றன, எப்படி நகர்கின்றன?

மணல்மேடு நகரும் என்று சொன்னவுடன் பலர் மனதில் வருவது புழுதிப்புயல்தான். வானம் மஞ்சளாகி, கண்ணைத் திறக்க முடியாமல் போய், காற்று ஒரு குன்றையே அள்ளிக்கொண்டு போய் வேறெங்கோ கொட்டிவிடும் என்று ஒரு கற்பனை. உண்மையில் வானத்தில் பறப்பது தூசு. மணல் அவ்வளவு உயரம் போவதே இல்லை, அதில் பெரும்பகுதி நம் முழங்காலுக்குக் கீழேயே பயணத்தை முடித்துக்கொள்ளும். சகாராவின் தூசு அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமேசான் காடு வரை போய் விழுகிறது. அதே சகாராவில் ஒரு பெரிய மணல்மேடு எதிரே தெரிகிற பாறைவெளியைக் கடக்கப் பல தலைமுறை ஆகும்.

தூசும் மணலும் வேறுபடுவது அளவில்தான். மணல்மேட்டில் இருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்தால் மணிகள் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும், பெரும்பாலும் 0.1 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள். அதைவிடச் சிறியதாக இருந்ததைக் காற்று எப்போதோ தூக்கிக்கொண்டு போய்விட்டது, அதைவிடப் பெரியதாக இருந்தது நகர மாட்டேன் என்று பின்னால் தங்கிவிட்டது, நடுவில் மிஞ்சியதுதான் மணல்மேடு. பாலைவனம் என்றால் முழுக்க மணல் என்று நினைப்பதும் சரியில்லை. சகாராவில் சுமார் கால் பங்குதான் மணல் மூடிய நிலம், மீதியெல்லாம் பாறையும் சரளையும் வறண்ட சமவெளியும். அந்த மணலும் பெரும்பாலும் பாலைவனத்திலேயே பிறந்தது கிடையாது. மலையை அரித்துக்கொண்டு வந்த ஆறு, வற்றிப்போன ஏரி, கடற்கரை, இப்படி எங்கிருந்தோ வந்தது. ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில் இருக்கும் நமீப் பாலைவனத்து மணலில் பெரும்பங்கு ஆரஞ்சு ஆறு கொண்டுவந்தது: ஆறு அதைக் கடலில் சேர்த்தது, கடல் நீரோட்டமும் அலையும் கரையோரமாகவே வடக்கே தள்ளின, அதன்பிறகுதான் காற்று அதை உள்நாட்டுக்குள் ஏற்றியது.

சரி, காற்று மணலை எப்படி நகர்த்துகிறது? இங்கே கொஞ்சம் குனிந்து, தரையோடு தரையாகப் பார்க்க வேண்டும். காற்று ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டும் வரை ஒன்றுமே நடக்காது. உலர்ந்த சன்ன மணலுக்கு அந்த வேகம் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். அதைத் தாண்டியதும் அங்கங்கே ஒரு மணல்மணி ஆட்டங்கண்டு, உருண்டு, திடீரென்று செங்குத்தாக எழும்பும். மேலே போனதும் அங்கே காற்று பலமாக இருப்பதால் முன்னால் தள்ளப்பட்டு, நீளமான தட்டையான வளைவில் கீழே இறங்கி, தரையில் கிடக்கும் மற்ற மணிகள் மேல் சாய்வாக மோதும். கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் போய்க் குவியலில் விழுந்ததும் காய்கள் சிதறுவது போல, அந்த ஒரு மோதலில் பல மணிகள் தெறிக்கும். தெறித்ததில் சில மறுபடி காற்றில் சிக்கி எழும்பும், விழும், மோதும். சில விநாடிகளில் தரை முழுக்கத் துள்ள ஆரம்பித்துவிடும்.

மணல் பயணத்தில் பெரும்பகுதி இந்தத் துள்ளல்தான். துள்ளுவதற்குக் கனமான மணிகள் மோதல்களின் இடியில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்து போகும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. துள்ளல் ஒருமுறை தொடங்கிவிட்டால், காற்று அந்தத் தொடக்க வேகத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்கினாலும் நிற்காது, ஏனென்றால் இப்போது மணியைக் கிளப்பிவிடும் வேலையைக் காற்று செய்யத் தேவையில்லை, விழுகிற மணிகளே பார்த்துக்கொள்கின்றன. ஆனால் துள்ளல் அதிகமாக ஆக, காற்றின் வேகத்தையும் அதுவே தின்கிறது. ஒவ்வொரு மணியையும் முன்னால் தள்ளுவதில் தரைக்குப் பக்கத்துக் காற்று தளர்ந்துபோகும். அதனால் எந்தக் காற்றுக்கும் இவ்வளவுதான் சுமக்க முடியும் என்று ஒரு வரம்பு உண்டு. இந்த வரம்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மேடு பிறப்பதே இதனால்தான்.

இதையெல்லாம் முதலில் ஒழுங்காக அளந்து எழுதியவர் ரால்ஃப் பேக்னால்ட் என்ற பிரிட்டிஷ் இராணுவப் பொறியாளர். 1920களிலும் 1930களிலும் எகிப்து, லிபியா பாலைவனங்களில் ஃபோர்டு கார்களை ஓட்டிக்கொண்டு திரிந்தவர், ஊர் திரும்பிய பிறகு சொந்தமாகக் காற்றுச் சுரங்கம் ஒன்றைக் கட்டி அதில் மணலை ஊதிப் பார்த்தார். 1941இல் அவர் வெளியிட்ட நூலை இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் கண்டதில் முக்கியமானது இது: துள்ளல் நன்றாகத் தொடங்கிய பிறகு, நகரும் மணலின் அளவு காற்று வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதாவது காற்று இரண்டு மடங்கானால் மணல் கிட்டத்தட்ட எட்டு மடங்கு. வருடம் முழுக்க மெல்ல வீசும் காற்றைவிட, சில நாள் மட்டும் வந்து போகும் பலத்த காற்றே மேட்டின் தலைவிதியை எழுதுகிறது என்பது இதில் இருந்து தெரிகிறது.

இனி மேடு. புதர், பாறை மாதிரி ஏதாவது தடை இருந்தால் அதன் மறைவில் மணல் சேரும், இது எல்லோரும் பார்த்ததுதான். ஆனால் அப்படிச் சேர்ந்தது தடையை விட்டு நகராது. ஒன்றுமே இல்லாத வெட்டவெளியில் மேடு எப்படித் தானாக எழும்புகிறது என்பதுதான் சுவாரசியமான கேள்வி. பாதி விடை தரையிலேயே இருக்கிறது. கெட்டியான சரளைத் தரையில் விழும் மணி நன்றாக எகிறும், வேகத்தை அவ்வளவாக இழக்காது. அதே மணி ஒரு மணல் திட்டின் மேல் விழுந்தால், அந்த வேகம் மற்ற மணிகளுக்குப் பகிர்ந்து போய்விடும், எகிறல் அடங்கும், நிறைய மணிகள் அங்கேயே தங்கும். மணல் இருக்கும் இடத்தில்தான் மேலும் மணல் சேரும்.

மீதி பாதி, காற்று ஒரு சின்ன மேட்டின் மேல் ஏறும்போது நடப்பது. ஏறுகையில் காற்று வேகம் பிடிக்கும், வேகம் பிடித்தால் மணலை அரித்து எடுக்கும். அப்படியானால் மேடு தேய்ந்து போக வேண்டுமே? இதில் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. தரையை உரசும் காற்றின் இழுவை உச்சமாக இருப்பது மேட்டின் முகட்டில் இல்லை, முகட்டுக்குக் கொஞ்சம் முன்னால். முகட்டை எட்டுவதற்குள் அது குறையத் தொடங்கிவிடும், சுமக்கும் திறனும் குறையும், கையில் இருக்கும் சுமையில் கொஞ்சத்தை முகட்டிலேயே இறக்க வேண்டி வரும். இதனால் மேடு வளரும். ஆனால் எதிராக இன்னொன்றும் வேலை செய்கிறது: காற்றின் வேகம் மாறியவுடன் மணல் அளவு மாறிவிடாது, அதற்குச் சில மீட்டர் தூரம் தேவை. மேடு மிகக் குட்டையாக இருந்தால் இந்தத் தாமதத்திலேயே முகடு தாண்டிப் போய்விடும், இறக்க வேண்டிய மணல் முகட்டுக்கு அப்பால் விழும், மேடு கரைந்துவிடும். போதுமான நீளம் இருந்தால் முகட்டிலேயே விழும், மேடு பிழைக்கும்.

அதனால்தான் பாலைவனத்தில் கையளவு மணல்மேடு கிடையாது. தனியாக நகரும் மேடு என்றால் குறைந்தது அரை மீட்டர், ஒரு மீட்டர் உயரமும் பத்து மீட்டர் சொச்சம் நீளமும் இருக்கும். தண்ணீருக்கு அடியில் இதே ஆட்டம் சென்டிமீட்டர் கணக்கில் நடக்கும், ஏனென்றால் அங்கே மணியின் தாமத தூரம் மிகச் சிறியது. ஆராய்ச்சியாளர்கள் நிஜ மேட்டின் பின்னால் வருடக்கணக்காக அலையாமல் ஒரு தண்ணீர்த் தொட்டியில் குட்டி மேடுகளை ஓடவிட்டுப் பார்ப்பது இந்தச் சலுகையால்தான். அப்புறம், மணல் மேல் வரிவரியாகத் தெரியும் சிற்றலைகளைக் குட்டி மணல்மேடு என்று நினைத்துவிட வேண்டாம். அவை பத்து சென்டிமீட்டர் இடைவெளியில், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான உயரத்தில், மணிகளின் மோதலால் மட்டுமே உருவாகிறவை. வளர்ந்து மேடாகாது, அதன் கதையே வேறு.

மேடு ஓரளவு உயர்ந்ததும் இரண்டு முகம் வந்துவிடும். காற்று வரும் பக்கம் சாய்வாக, ஏறி நடக்கும்படி, 10 முதல் 15 பாகை வரை. மறைவுப் பக்கம் சட்டென்று 32 முதல் 34 பாகைச் சரிவு. உலர்ந்த மணலைக் கையில் இருந்து மெல்லக் கொட்டினாலும் குவியலின் பக்கச் சரிவு இந்த அளவிலேயே வந்து நிற்கும், அதற்கு மேல் நிமிர அதற்குத் தெம்பு கிடையாது.

காற்றடிக்கும் நாளில் இந்தச் சரிவின் விளிம்புக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தால் வேலை நடப்பது கண்ணுக்கே தெரியும். முகட்டைத் தாண்டும் மணிகள் தூரமாகப் போவதில்லை, முகட்டுக்கு அடுத்த ஒரு மீட்டர், அதற்குள்ளேயே விழுகின்றன, ஏனென்றால் முகட்டுக்குப் பின்னால் காற்று தரையை விட்டு விலகிவிடுகிறது, கீழே வெறும் பலவீனமான சுழல்தான். ஆக, சரிவின் மேல்பகுதி மட்டும் புடைத்துக்கொண்டே போகும். சரிவு தாங்கும் அளவைத் தாண்டியதும் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு கீறல் விழும், அதில் இருந்து நாக்கு வடிவில் ஒரு மணல் பாளம் சத்தமில்லாமல் வழிந்து அடி வரை போய் நிற்கும். அடுத்தது பக்கத்தில். பிறகு இன்னொன்று. சில மேடுகளில் இது சத்தமில்லாமல் நடப்பதில்லை. மணிகள் நன்கு உருண்டையாகவும் உலர்ந்தும் ஒரே அளவிலும் இருந்தால், பெரிய சரிவின்போது மணல் முழுதும் ஒரே தாளத்தில் அதிர்ந்து, தாழ்ந்த குரலில் நீளமாக முழங்கும், 100 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில்.

காற்று வரும் பக்கம் அரிக்கிறது, மறைவுப் பக்கம் சரிகிறது. மணல்மேடு நகர்வது என்பது மொத்தமே இவ்வளவுதான். காற்று வரும் பக்கத்தில் இருந்து ஒரு படலம் உரிந்து மறைவுப் பக்கத்தில் ஒட்டுகிறது, அவ்வளவு. இதைப் பிடித்துக்கொண்டால் வேகத்துக்கு நாமே கணக்குப் போடலாம். முகட்டில் ஒரு மீட்டர் அகலத்துக்கு ஆண்டுக்கு 100 கன மீட்டர் மணல் தாண்டி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 மீட்டர் உயர மேடு ஒரு மீட்டர் முன்னேற வேண்டுமானால் அந்த அகலத்தில் 5 கன மீட்டர் மணல் தேவை, ஆக ஆண்டுக்கு 20 மீட்டர் நகரும். 20 மீட்டர் உயர மேட்டுக்கு அதே மணல் 5 மீட்டருக்குத்தான் காணும். ஒரு மீட்டர் உயரக் குட்டி மேடோ 100 மீட்டர் ஓடிவிடும். நிஜத்தில் கொஞ்சம் முன்பின் இருக்கும், ஆனால் குட்டை மேடு ஓடும், உயர்ந்த மேடு தவழும் என்பது எல்லாப் பாலைவனத்திலும் அளந்து பார்த்த விஷயம்.

எனக்கு இதில் மிகப் பிடித்தது மணியின் நிலைமை. மேடு நகர்கிறது என்று நாம் சொன்னாலும், அதில் உள்ள மணலில் பெரும்பகுதி எந்த நேரத்திலும் அசையாமல் புதைந்து கிடக்கிறது. நம் 5 மீட்டர் மேடு 50 மீட்டர் நீளம் என்று வையுங்கள். ஒரு மணி சரிந்து அடிவாரத்துக்குப் போய்விட்டால், மொத்த மேடும் அதன் தலைக்கு மேலே ஏறிக் கடந்து போய், பின்பக்கம் மறுபடி வெளிச்சம் படுவதற்கு இரண்டரை ஆண்டு ஆகும். வெளியே வந்ததும் காற்று அடித்தால் சில மணிநேரத்திலேயே முகட்டுக்குத் துள்ளிப் போய் மறுபடி விழுந்து புதையும். சரிவின் மேல்பகுதியிலேயே தங்கிய மணிக்குக் காத்திருப்பு குறைவு. பருமணிகள் சரியும்போது அடிக்கு உருண்டு போகும் என்பதால் நீண்ட சிறை அவற்றுக்குத்தான்.

இந்தச் சிறைவாசத்தை அளக்கவும் முடியும். வெளிச்சம் படாமல் கிடக்கும் குவார்ட்ஸ் என்ற கனிம மணி சுற்றிலும் உள்ள இயற்கைக் கதிரியக்கத்தை உள்வாங்கிச் சேமித்துக்கொண்டே இருக்கும், ஆய்வகத்தில் அதன் மேல் ஒளியைப் பாய்ச்சினால் சேமித்ததை மினுக்கமாக வெளியே விடும், அந்த மினுக்கத்தை வைத்துக் கடைசியாக அது எப்போது வெயிலைப் பார்த்தது என்று சொல்லிவிடலாம். மொராக்கோவில் லாலா லாலியா என்று 100 மீட்டர் உயர, 700 மீட்டர் அகல மேடு ஒன்று இருக்கிறது. 2024இல் வெளியான ஆய்வில் அதன் அடி சுமார் 13,000 ஆண்டுப் பழமை என்றும், மேலே உள்ள பெரும்பகுதி கடந்த 900 ஆண்டுகளில் குவிந்தது என்றும் தெரிந்தது. ஆண்டுக்கு அரை மீட்டர்தான் நகர்கிறது.

அது ஏன் அவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதற்கு வடிவத்தைப் பற்றிப் பேச வேண்டும். காற்று எத்தனை திசையில் இருந்து வருகிறது, மணல் எவ்வளவு இருக்கிறது, இந்த இரண்டும்தான் வடிவத்தை முடிவு செய்கின்றன. ஒரே திசைக் காற்று, குறைந்த மணல் என்றால் பிறை வடிவம். மணல் தாராளமாக இருந்தால் பிறைகள் கைகோத்துக் காற்றுக்குக் குறுக்கே நீண்ட வரப்புகளாகும். இரண்டு திசைகளில் இருந்து மாறி மாறி வீசினால் இரண்டுக்கும் நடுவாக நீளவாக்கு மேடுகள், நமீபிலும் அரேபியாவின் ரப் அல் காலியிலும் மைல்கணக்கில் ஓடுபவை இவைதான். பல திசைக் காற்று என்றால் பல கைகளோடு நட்சத்திர வடிவம். நட்சத்திர மேடு எந்தப் பக்கமும் அதிகம் போக முடியாமல் உயரத்தில் வளரும், லாலா லாலியா அந்த வகை.

பிறை வடிவத்துக்குக் காரணம் நாம் போட்ட அதே கணக்கு. மேட்டின் நடு உயரம், ஓரம் தாழ்வு. தாழ்ந்த ஓரம் வேகமாக ஓடும், நடு பின்தங்கும், ஓரங்கள் இரண்டு கொம்புகளாக முன்னால் நீளும். ஆகவே ஒரு பிறை மேட்டின் புகைப்படத்தைப் பார்த்தால், கொம்பு நீட்டும் திசைதான் காற்று போகும் திசை. கொம்பு நுனியில் மறைவுச் சரிவு இல்லை, மணலைப் பிடித்து வைக்க ஆள் இல்லை, அங்கிருந்து மணல் ஒழுகிக்கொண்டே இருக்கும். பின்னால் இருந்து வரும் மணல் இந்த ஒழுக்கை ஈடுகட்டினால் மேடு வாழும், இல்லாவிட்டால் நகர நகரத் தேயும்.

குட்டி மேடு வேகம், பெரிய மேடு நிதானம் என்றால் ஒருநாள் பின்னால் வரும் குட்டி முன்னே போகும் பெரிசை இடிக்கத்தானே வேண்டும்? இடிக்கும். சில சமயம் குட்டி முழுதாகக் கரைந்துவிடும். சில சமயம் பின்பக்கம் குட்டி நுழைய, முன்பக்கம் கொம்பில் இருந்து ஏறத்தாழ அதே அளவு குட்டி ஒன்று பிரிந்து ஓடும், தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு அது ஊடுருவிப் போன மாதிரியே தோன்றும், ஆனால் மணல் வேறு. இடிக்காமலும் போகலாம்: 2020இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வட்டமான தண்ணீர்த் தொட்டியில் ஒரே அளவுள்ள இரண்டு மேடுகளைச் சுற்றவிட்டபோது, பின்னால் வரும் மேடு கிளப்பும் சுழலே முன்னால் போவதைத் தள்ளி, இரண்டும் மெல்ல மெல்ல விலகிப் போயின.

செடி வந்தால் ஆட்டம் தலைகீழ். மணல் மெதுவாகச் சேரும் இடத்தில்தான் செடி வேர்பிடிக்க முடியும், அது தாழ்ந்த ஓரம். ஓரத்தைச் செடி கட்டிப்போட்டுவிட, உயர்ந்த நடுப்பகுதி மட்டும் முன்னே நகரும், கொம்புகள் பின்னால் இழுபடும். கடலோரங்களிலும் ராஜஸ்தானின் தார் பாலைவனத்திலும் இந்த வகை ஏராளம். கொம்பைப் பார்த்துக் காற்றின் திசையைச் சொல்லும் வித்தையை இங்கே அப்படியே காட்டினால் நேர் எதிராகச் சொல்லிவிடுவோம், முதலில் செடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நகரும் மேட்டை நிறுத்துவது என்பது மனிதர்களுக்குப் பழைய தலைவலி. டென்மார்க்கில் ரோபியர் மிலே என்ற மேடு ஆண்டுக்குச் சுமார் 18 மீட்டர் நகர்கிறது, பிரான்சில் 100 மீட்டர் உயர பிலா மேடு ஆண்டுக்குச் சில மீட்டர் கணக்கில் பின்னால் உள்ள பைன் காட்டை விழுங்கிக்கொண்டிருக்கிறது. நேராகச் சுவர் கட்டினால் மணல் அதிலேயே குவிந்து, சுவரையே படியாக்கி ஏறிவிடும். லாரியில் அள்ளலாம் என்றால் நம் 5 மீட்டர் குட்டி மேடே சில ஆயிரம் டன், அள்ளி முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். உருப்படியான வழி மேட்டோடு மல்லுக்கட்டாமல் தரையை உரசும் காற்றைத் தளர்த்துவது. சீனாவில் ஷாபோதோ என்ற இடத்தில் 1950களில் பாலைவனம் வழியே ரயில் பாதை போட்டபோது, வைக்கோலை மணலில் பாதி புதைத்து, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரக் கட்டங்களாக நட்டார்கள். கட்டத்துக்குள் காற்று தொடக்க வேகத்துக்குக் கீழே இறங்கிவிடும், துள்ளல் தொடங்காது. வைக்கோல் மக்குவதற்குள் புதர்கள் பிடித்துக்கொள்ளும். பார்க்க அற்பமாக இருக்கிறது, ஆனால் அந்தப் பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது.

பூமிக்கு வெளியேயும் இதே கதைதான். செவ்வாயின் காற்று மண்டலம் பூமியுடையதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த அழுத்தம், அங்கே மேடுகள் எல்லாம் பழையவை, உறைந்துபோனவை என்றுதான் நீண்ட காலம் நினைத்தார்கள். சுற்றுக்கலங்கள் ஆண்டுகள் இடைவிட்டு எடுத்த படங்களை ஒப்பிட்டபோது அவை மெதுவாக நகர்வது தெரிந்தது. கியூரியாசிட்டி ஊர்தி 2015இன் கடைசியில் போய் நின்ற மணல்மேட்டுக் களத்துக்குப் பேக்னால்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள். சனியின் துணைக்கோளான டைட்டனில் மணல் என்பது நம் குவார்ட்ஸ் இல்லை, கரிமப் பொருள் துகள்கள். அதன் நடுக்கோட்டுப் பகுதி முழுக்க நீளவாக்கு மேடுகள் இருப்பதை காசினி விண்கலத்தின் ரேடார் காட்டியது. அங்கே ஒரு புதிர் எழுந்தது. காற்று மண்டலக் கணக்குப்படி டைட்டனின் நடுக்கோட்டில் தரைக்காற்று பெரும்பாலும் கிழக்கில் இருந்து மேற்கே வீச வேண்டும், மேடுகளோ மணல் மேற்கில் இருந்து கிழக்கே போவதாகக் காட்டின. இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று: அன்றாடக் காற்று அங்கே தொடக்க வேகத்தை எட்டுவதே இல்லை, எப்போதாவது எதிர்த்திசையில் வீசும் பலத்த காற்றுக்கு மட்டும்தான் மணல் அசைகிறது.